பதினேழு கதவுகளும் ஒரு கையொப்பமும்

நான்கு மணிக் காப்பி வேளை. நடுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர்கள் நின்றபடியே காப்பி அருந்திக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் ஒரு விமானத் தபால் உறையைப் பேனாக்கத்தியால் பிரித்து, உள்ளிருந்த கடிதத்தை ஆங்கிலத்திலேயே உரக்கப் படித்தார். மறுபக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிய நீலத் தாள். படித்து முடித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு என்னைத் தேடினார்.

"ஏகாம்பரம், இந்தக் கதவுப் படம் நீங்க போட்டதா?"

கூடத்தில் இருந்த எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அக்கட்டடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் ஒருநாளும் எல்லா முகங்களும் ஒருசேர என் பக்கம் திரும்பியதில்லை.

"என் கைப்பட வரைந்ததுதான், ஐயா" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் முழு வாக்கியமும் பொய்.

எனக்கு மூன்றடி தள்ளி, பித்தளைத் தூக்கிலிருந்து தம்ளர்களில் காப்பி ஊற்றிக்கொண்டு நின்றவர் முனிரத்தினம். அந்தப் படத்துக்கு உரியவர் அவர்.

சென்ற வாரப் பகுதியைப் படித்த கோலார் வாசகர் ஒருவர், நான் எவரையும் குறை கூறாமல் எழுதுவதாகப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. இவ்வாரம் ஒருவரைக் குறை கூறப் போகிறேன். அவருக்கும் எனக்கும் பெயர் ஒன்றே.

பலகையைப் பிரதி எடுப்பவன்

மாநிலத்துக்கு இன்னும் மைசூர் என்றே பெயர் வழங்கிய காலம். பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டி, வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற ஓட்டு பங்களாவில் எங்கள் கணித ஆய்வுக்கூடம் நடந்துவந்தது. ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குழாய்களையும் அமில நெடியையும் வாசகர்கள் கற்பனை செய்ய வேண்டாம். அங்கிருந்தவை கரும்பலகைகள், சுண்ணக்கட்டித் தூள், காகிதம், காப்பி. இவ்வளவே.

நான் பள்ளிக்குச் சென்றது ஐந்தாம் வகுப்பு வரை. அதன்பின் சிவாஜி நகரில் பெயர்ப்பலகை எழுதும் கடை ஒன்றில் சேர்ந்தேன். ஆங்கில எழுத்துகளை அங்கே வரையக் கற்றேன். படிக்கக் கற்றது பின்னர்தான். தமிழை, எடைக்கு வரும் பழைய வார இதழ்களைத் தைத்துவைத்து நானே பயின்றேன். கண் பார்த்ததைக் கை பிசகாமல் எழுதும் என்ற ஒரே தகுதியைக் கொண்டு டைரக்டர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். அயல்நாட்டுப் பேராசிரியர்கள் ஆறு வாரம், எட்டு வாரம் என்று வந்து தங்குவார்கள். எங்கள் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து ஒரு கணக்கைத் தொடங்குவார்கள். கணக்கு முடிவதற்குள் கப்பலுக்கு நாள் வந்துவிடும். மிச்சக் கணக்கு தபாலில் நடக்கும். இங்கே பலகையில் எழுதியதை நான் தாளில் பிரதி எடுத்து விமானத் தபாலில் அனுப்புவேன். அங்கிருந்து பதில் வரும். அதைப் பலகையில் ஏற்றி இவர்கள் மேலே செல்வார்கள். பிரதி எடுக்காமல் எந்தப் பலகையையும் துடைக்கக் கூடாது என்பதும், பலகையில் உள்ளது எதுவாயினும் விடாமல் எழுத வேண்டும் என்பதும் எங்கள் கூடத்தின் விதி.

அந்த விதியை நான் எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றினேன் என்பதற்கு ஒரு சான்று. ஒருமுறை யாரோ சுண்ணக்கட்டியைப் பலகையில் தட்டியதால் ஒரு புள்ளி விழுந்திருந்தது. அதையும் எழுதி டோக்கியோவுக்கு அனுப்பினேன். அங்கிருந்த பேராசிரியர் அதைத் தசமப் புள்ளியாகக் கொண்டு இரண்டு வாரம் குழம்பிவிட்டு, மிகப் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். டைரக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புள்ளி இருந்தது. எழுதினேன்.

ஒவ்வொரு பிரதியின் அடியிலும் மு. ஏகாம்பரம் என்று ஆங்கிலத்தில் கையொப்பமிடும் வழக்கத்தை நானே ஏற்படுத்திக்கொண்டேன். எவரும் கேட்கவில்லை. எவரும் தடுக்கவும் இல்லை. என் பெயர் கடல் கடந்து செல்வதற்கு வேறு வழி ஏது?

புதுக் கதவு

முனிரத்தினம் தொம்மலூரிலிருந்து சைக்கிளில் வருவார். கூடத்தின் பியூன். காலையில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்துபோய் ஒவ்வோர் அறையின் குடிநீர்ப் பானையையும் நிரப்ப வேண்டும். போகிற போக்கில் எல்லாக் கதவுகளின் தாழ்களையும் நீக்கித் திறக்க வேண்டும். மாலையில் காப்பி. கன்னடம் கொஞ்சம் எழுத்துக்கூட்டுவார். தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாது. அந்நாளில் அவரை நான் 'அவர்' என்று சொன்னதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதுகூட என் பேனா அழுந்துகிறது. என்னிடம் 'பிரதி ஆயிற்றா?' என்று மட்டும் கேட்கும் ஆராய்ச்சியாளர்கள், அவரிடம் நின்று ஊர்க்கதை பேசுவார்கள்.

டென்மார்க்கிலிருந்து பேராசிரியர் ஹென்ரிக் வந்திருந்த பருவத்தில், விருந்தினர் அறைக்கும் நூலகத்துக்கும் இடையே இருந்த சுவரை இடித்து ஒரு கதவு வைத்தார்கள். புத்தகத்துக்காக அவர் சுற்றி நடக்க வேண்டாம் என்பது டைரக்டரின் எண்ணம். பேராசிரியர் மகிழ்ந்தார். முனிரத்தினம் மட்டும் புதுக் கதவின் முன் நின்று தலையைச் சொறிந்ததை நான் பார்த்தேன்.

"என்ன?" என்றேன்.

"இன்னா இல்ல அண்ணா. பதினாறு கதவு இருந்தப்ப ஒரு கதவையும் ரெண்டு தபா தாண்டாம சுத்தி வந்துடுவேன். இப்ப பதினேழு. எப்பிடி போனாலும் ஒண்ணு இடிக்குது. சும்னே வீணா ஒரு கதவைத் திரும்பத் தாண்ட வேண்டியதா இருக்குது."

"இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வினாடி நான் நின்று கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இருந்திராது.

பொது ஞாயிறு

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயிற்கதவைத் திறந்துவைத்து, ஊர் மக்களை உள்ளே அழைப்போம். கணிதம் எல்லோருக்கும் உரியது என்பது டைரக்டரின் கொள்கை. நூலை இழுத்துக் கட்டிய வளைபரப்புகள், ஒரே பக்கம் உள்ள காகித நாடா என்று மேசைகளில் வைத்திருப்போம். ஆங்கிலத்தில் டைரக்டர் விளக்குவார். அவர் மைசூர்க்காரராதலால் கன்னடத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். அல்சூரிலிருந்தும் சிவாஜி நகரிலிருந்தும் வரும் தமிழர்களுக்கு விளக்க ஆள் இல்லாதிருந்தது.

அப்பணியை எனக்குத் தருமாறு ஈராண்டு கேட்டேன். பேராசிரியர் ஹென்ரிக் ஊர் திரும்பிய மறுவாரம் வந்த பொது ஞாயிற்றில் கிடைத்தது. "எண்ணின் மாட்சி" என்ற தலைப்பில் ஓர் உரையை எழுதி, மும்முறை திருத்தி, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து நின்றேன்.

"எண் என்பது மாந்தர் அறிவின் முதற் படியாகும்" என்று தொடங்கினேன். பத்து நிமிடத்துக்குள் முன்வரிசை கலையத் தொடங்கியது. பூக்கூடையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

"இன்னா சொல்றாரு?"

"பாடம் சொல்றாரு. வாக்கா, அந்தாண்ட இன்னாவோ ஆட்டம் நடக்குது."

அந்தாண்டை நடந்தது முனிரத்தினத்தின் ஆட்டம். விருந்தினர் அறைப் பலகையின் ஒரு மூலையில் பங்களாவின் அறைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, கதவு உள்ள இடங்களில் கோட்டை வெட்டியிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். சில எண்களைச் சுற்றி வட்டம்.

"இந்த பங்களால பதினேழு கதவு. ஒவ்வொண்ணையும் ஒரு தபாதான் தாண்டணும், ஒண்ணையும் உடக்கூடாது. எங்க வேணா ஆரம்பி, எங்க வேணா முடி. தோத்தா கோவிச்சுக்கக் கூடாது, ஆமா."

தையற்காரர் ஒருவர் போனார், தோற்றார். அவர் மனைவி, "நீ வூட்டுக்கே வழி தெரியாம வர்ற ஆளு" என்று சொல்லிவிட்டுத் தானே கிளம்பினார். அவரும் தோற்றார். சற்று நேரத்தில் பங்களா முழுதும் குடும்பம் குடும்பமாகக் கதவு எண்ணிக்கொண்டு நடந்தார்கள். மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவரை ஒரு கிழவர் தோளைப் பிடித்து நகர்த்தி, "வழி உடு தம்பி, எனக்கு இன்னும் நாலு பாக்கி" என்று கடந்துபோனார்.

என் முன்னால் எஞ்சியவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் டைரக்டர் என் தோளில் கை வைத்தார். "ஏகாம்பரம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எழுத்து. வாய்க்கு அவன் இருக்கட்டும்."

நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். என் உரையின் முப்பது பக்கங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது காகிதம் என் மார்பில் உறுத்தியது. வீடு போகும்வரை உறுத்தியது. எனக்கு மேலே படித்தவர்கள் மீது எனக்கு என்றும் பொறாமை வந்ததில்லை. அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது, படித்தார்கள் என்று ஆற்றிக்கொள்வேன். ஆனால் என்னைக் காட்டிலும் குறைவாகப் படித்த ஒருவர், நான் இருபதாண்டு உழைத்துச் சேர்த்த மொழி எதுவும் இல்லாமல், நான் விரும்பிய இடத்தில் போய் நின்றுவிட்டார். அதற்கு ஆறுதல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

விதிப்படி

திங்கட்கிழமை காலை விருந்தினர் அறைக்குப் பிரதி எடுக்கச் சென்றேன். பேராசிரியர் விட்டுச்சென்ற சமன்பாடுகள் பலகையை நிறைத்திருந்தன. வலது மூலையில் அந்தக் கதவுப் படம்.

அது கணக்கின் பகுதியன்று என்பது எனக்குத் தெரியும். யார் வரைந்தது, எதற்காக வரைந்தது என்பதும் தெரியும். ஆனால் பலகையில் உள்ளது எதுவாயினும் எழுத வேண்டும் என்பது விதி. என்றுமில்லாத பணிவோடு அன்று விதியை நினைத்துக்கொண்டேன். 'என் சமன்பாடுகளுக்கு நடுவே இந்தக் கிறுக்கல் என்ன?' என்று ஹென்ரிக் டைரக்டருக்கு எழுதுவார். டைரக்டர் வெட்கப்படுவார். இனிமேல் பியூன் பலகையைத் தொடக் கூடாது என்று உத்தரவு வரும். என் திட்டம் இவ்வளவே.

சமன்பாடுகளுக்கு நான்கு தாள் ஆயின. கதவுப் படத்துக்குத் தனியாக ஐந்தாம் தாள். எண்களையும் வட்டங்களையும் ஒன்று விடாமல் எழுதினேன். வட்டங்கள் எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. அடியில், கை பழக்கத்தால், மு. ஏகாம்பரம் என்று கையொப்பமிட்டேன்.

தபால் பெட்டிக்குள் உறை விழுந்த ஓசை எனக்கு இனிமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மீண்டும் காப்பி வேளை

இனி, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். டைரக்டர் படித்த கடிதம் ஹென்ரிக்குடையது. கதவுப் படத்தில் அவர் குற்றம் காணவில்லை. மாறாக, தம் கூடத்திலும் ஊர் மக்களுக்காக ஒரு திறந்த நாள் நடத்தப் போவதாகவும், தங்கள் கட்டடத்தின் கதவுகளை வைத்து இதே ஆட்டத்தை ஆடப் போவதாகவும் எழுதியிருந்தார். அதற்கான சுவரொட்டியில், பெங்களூரிலிருந்து இந்த யோசனையை அனுப்பிய திரு. ஏகாம்பரத்தின் பெயரை அச்சிட அனுமதி கேட்டிருந்தார். தனித் தாள், அடியில் என் கையொப்பம். அவர் வேறு எப்படி நினைப்பார்?

"கைப்பட வரைந்ததுதான்" என்று நான் சொன்னதும் டைரக்டரின் முகம் தெளிந்தது.

"அதானே பார்த்தேன். இது ரொம்பப் பழைய தேற்றம். நீங்க எதுலயோ படிச்சு முனிரத்தினத்துக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இவனுக்கு இது எங்கிருந்து வந்ததுன்னு அன்னைக்கே யோசிச்சேன்."

நான் தலையை அசைத்தேனா, அசைக்கவில்லையா என்பது இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. மறுக்கவில்லை என்பது உறுதி.

டைரக்டர் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டு போனதில், தூரத்துத் தம்ளர்களை நிரப்பப் போய்விட்ட முனிரத்தினத்துக்குப் பாதியும் எட்டவில்லை. திரும்பி வந்தவர் என் தம்ளரை விளிம்பு வரை நிரப்பினார்.

"ஃபாரின்லேந்து உங்க பேர கேட்டு எழுதிகிறாங்களாமே அண்ணா. கேக்க நல்லாக்குது. இந்தா, இன்னிக்கு உங்களுக்கு டிகாக்ஷன் தூக்கலா."

அந்தக் காப்பியைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

சுவரொட்டி சில மாதங்களில் வந்தது. மஞ்சள் தாளில் அவர்கள் கட்டடத்தின் வரைபடம். கீழே என் பெயர், அச்செழுத்தில். டைரக்டர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு நடுக்கூடத்தில் மாட்டினார். தினமும் காலையில், யாரும் வருவதற்கு முன், அதன் எதிரே நிற்பேன். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பேன்.

"ஏன் முடியாது?"

அடுத்த பொது ஞாயிற்றில் டைரக்டர் என்னையே பேசச் சொன்னார். முனிரத்தினத்தைத் தண்ணீர்ப் பந்தலுக்கு அனுப்பிவிட்டார். நான் விரும்பியது அனைத்தும் கைக்கு வந்துவிட்டது.

பலகையில் அதே படத்தை வரைந்து கதவு ஆட்டத்தை விளக்கினேன். மக்கள் நடந்தார்கள், தோற்றார்கள், சிரித்தார்கள். அப்போது முன்பு வந்த பூக்கூடை அம்மாள், மூச்சு வாங்கியபடி என் எதிரே வந்து நின்றார்.

"நாலு தபா சுத்திட்டேன் சாமி. முடியல. ஏன் முடியாது?"

"முடியாதம்மா. அது அப்படித்தான்."

"அது தெரியுது. ஏன்னு கேக்கறேன். படம் போட்டவரு நீங்கதானே?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். டைரக்டரும் கைகளைக் கட்டிக்கொண்டு ஆவலாக நின்றார். படத்தில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வரைய என்னால் முடியும். வட்டங்கள் எங்கெங்கே என்று சொல்ல முடியும். எதற்கு என்று தெரியாது. பெயர்ப்பலகைக் கடையில் பொருள் தெரியாமல் எழுத்துகளை வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது.

தண்ணீர்ப் பந்தலிலிருந்து முனிரத்தினம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவரிடம் கேளுங்கள்" என்றேன். "கண்டுபிடித்தவர் அவர். நான் பார்த்து எழுதினேன்."

இதை நேர்மை என்று எவரும் கொள்ள வேண்டாம். விடை தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

முனிரத்தினம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடமே பேசினார்.

"ரெண்டு கதவு இருக்கற ரூம்பு அக்கா. ஒண்ணுல நொழையலாம், இன்னொண்ணுல வெளிய வரலாம். சரியா? மூணு கதவு இருந்தா? நொழஞ்சு, வந்து, மறுபடி நொழஞ்சா மாட்டிக்கினே. வெளிய வர புதுக் கதவு இல்ல. அப்ப அந்த ரூம்புல ஒண்ணு நீ ஆரம்பிக்கணும், இல்லாட்டி முடிக்கணும். ஒத்தப்படை ரூம்புக்குத்தான் வட்டம் போட்டுக்கிறேன். எண்ணிப் பாரு."

"நாலு."

"ஆரம்பிக்க ஒண்ணு, முடிக்க ஒண்ணு. மீதி ரெண்டை இன்னா பண்ணுவே? முந்தி ரெண்டு ரூம்புதான் ஒத்தப்படை. நூலகத்துக்கும் விருந்தாளி ரூம்புக்கும் நடுவுல புதுசா ஒண்ணு வெச்சாங்க பாரு, அதுங்க ரெண்டும் ஒத்தப்படை ஆயிடுச்சு."

அம்மாள் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார்.

டைரக்டரும் பலகையில் இருந்த வட்டங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "முனிரத்தினம், இதை ஐரோப்பாவில ஒருத்தர் ரொம்ப காலத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சிருக்கார், தெரியுமா?" என்றார்.

"அப்பிடியா சார்? அவரு வூட்ல எத்தினி கதவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் என் பக்கம் திரும்பியபோது அவர் சிரிக்கவில்லை. "டென்மார்க்குக்கு நீங்களே எழுதிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வாசித்துக் காட்டியது

எழுதினேன். ஆறு வரிக் கடிதம். என் வாழ்நாளில் மிக மெதுவாக எழுதிய ஆறு வரிகள் அவையே.

பதில், முனிரத்தினத்தின் பெயருக்கே வந்தது. அயல்நாட்டுத் தபால் என் மேசைக்குத்தான் வரும். உறையைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தபால்தலையில் இருந்த படகை விரலால் தடவினார்.

"நீங்களே படிங்க அண்ணா. நமக்கு எங்க வருது."

"வேறு யாரிடமாவது..."

"நீங்க எழுதுனதுக்குத்தானே வந்துக்குது? படிங்க."

அடுக்களைப் படியில் இருவரும் அமர்ந்தோம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சுவரொட்டியைத் திருத்தி மறுபடி அச்சிட்டிருப்பதாக எழுதியிருந்தார். அவர்கள் ஊர் மீனவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கதவு தாண்டி நடந்து களைத்ததாக எழுதியிருந்தார். முனிரத்தினம் தலையை ஆட்டியபடி கேட்டார். அடுத்த வாக்கியத்துக்கு வந்தபோது என் குரல் நின்றது. மனத்துக்குள் ஒருமுறை படித்தேன். பிறகு அதைத் தாண்டி, நன்றியும் வாழ்த்தும் உள்ள கடைசி வரிக்குப் போனேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"நல்ல மனுசன்" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நீங்களே ஃபைல்ல வெச்சுக்கங்க அண்ணா. எங்க வூட்ல கரையான்."

பலகையில் தவறி விழுந்த ஒரு புள்ளியைக்கூட விடாமல் எழுதியவன், அன்று ஒரு முழு வாக்கியத்தை விட்டேன். திருத்திய சுவரொட்டியில் அவருடைய பெயர் ஏறியதைப் பொறுத்துக்கொண்டேன். கூட்டம் அவரைச் சூழ்ந்ததையும் பொறுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை மட்டும் என் வாயால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. எத்தனை நூல் பயின்றாலும் அது என்னைப் பற்றி எழுதப்படக்கூடிய வாக்கியம் அன்று.

சில ஆண்டுகளில் அவர் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதற்கு விதி எதுவும் இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்றும், மகள் ஈஜிபுராவில் இருக்கிறார் என்றும் கேள்விப்படுகிறேன். மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்றும் சொன்னார்கள். கடிதத்தை இப்பத்திரிகை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். அம்மையார் வந்து பெற்றுக்கொள்ளலாம். நான் விட்ட வாக்கியத்தை இங்கே பெயர்த்துத் தருகிறேன்.

'இந்தப் படம் வந்த அன்றே, இதை வரைந்தவர் நாள்தோறும் பாரம் சுமந்து ஒரு வீட்டுக்குள் அறை அறையாகச் சுற்றி வருபவராக இருக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னார்; வெறுங்கையோடு நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, வந்த வழியே திரும்புவது ஒரு நட்டமாகவே தோன்றியிராது.'